மதுரையிலிருந்து வர்க்கலைக்கு அலைச்சறுக்குப் பயணம்: பழைய வேன் மலைப்பாதையைத் தாங்குமா?

கேள்வி: திருநகர்வாசி

வணக்கம். நாங்கள் ஐந்து நண்பர்கள், அனைவரும் மதுரைக்காரர்கள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் அலைச்சறுக்கின் தொடக்கப் பாடத்தைக் கற்றுக்கொண்டோம். பலகையில் எழுந்து நின்று, உடைந்து நுரைத்து வரும் அலையில் கரைவரை வந்து சேரும் அளவுக்குப் பழகியிருக்கிறோம். வரும் டிசம்பர் விடுமுறையில் கேரளக் கடற்கரையில் உள்ள வர்க்கலைக்குச் சென்று, அங்குள்ள ஹாஸ்டல்களில் பொது அறைப் படுக்கைகளை எடுத்துத் தங்கி, நாள்தோறும் காலையில் கடலில் இறங்குவது என்பது எங்கள் திட்டம்.

வண்டி என் சித்தப்பாவுடையது. சமையல் கான்ட்ராக்டுக்குப் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருந்த பழைய பெட்ரோல் வேன். மூன்று சிலிண்டர், இன்ஜின் முன்னிருக்கைக்கு அடியில் இருக்கும் வகை. சோதித்துப் பார்க்கலாம் என்று ஐந்து பேரும் சிறுமலைக்கு ஏறினோம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. திரும்பி வந்ததும் பக்கத்துப் பட்டறையில் காட்டினோம். அவர்கள் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, இனிமேல் சூடேறாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு நான்குவழிச் சாலையில் முள் கீழேயே நிற்கிறது. ஆனால் மாட்டுத்தாவணி நெரிசலில் மாட்டிக்கொண்டால் மெல்ல மெல்ல ஏறுகிறது.

இந்த வண்டியை நம்பிச் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் போகலாமா, அல்லது தூரம் அதிகமானாலும் மலையைத் தவிர்த்து நாகர்கோவில் வழியாகப் போவது நல்லதா? தெரிந்தவர் ஒருவர் மூன்று எட்டடிப் பலகைகளை இரவல் தருவதாகச் சொல்கிறார்; அவற்றைக் கூரை மேல் கட்டிக்கொண்டு போகலாமா? வண்டி சித்தப்பா பெயரில் இருப்பதால் கேரள எல்லையில் ஏதேனும் சிக்கல் வருமா என்பதையும் தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில்: புதூர்ப் பட்டறை

தம்பி, மாட்டுத்தாவணி நெரிசலைப் பற்றி நீங்கள் எழுதிய வரியிலேயே நோய் தெரிகிறது. வேகமாகப் போகும்போது முள் கீழே நிற்கிறது, நின்றாலோ ஊர்ந்தாலோ ஏறுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேடியேட்டர் ஃபேனைத்தான். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்தாக வேண்டும். சிறுமலையில் இரண்டாம் கியரில் ஊர்ந்தபோதும் இதுதான் நடந்திருக்கும். இதற்குத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியது மருந்தே அல்ல.

நம் ஊர்ப் பட்டறைகளில் பலர் இன்னும் செய்துகொண்டிருக்கும் வேலை அது. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் உரிய சூட்டுக்கு வரும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைத்து, பிறகு திறந்துவிடும் வால்வு. அதை எடுத்துவிட்டால் நெடுஞ்சாலையில் இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். முள் கீழே நிற்பதைப் பார்த்து வண்டி குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். புது வால்வு வாங்கிப் போடுங்கள், பெரிய செலவில்லை.

ஃபேனைச் சோதிப்பது எளிது. சமதரையில் வண்டியை நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டு, முள் பாதியைத் தாண்டும்வரை காத்திருங்கள். அதற்கு மேலும் ஃபேன் சுழலவில்லை என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு, ஃபேனின் இணைப்பைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். சுழன்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, குறை ஃபியூஸிலோ ரிலேயிலோ வெப்ப சுவிட்சிலோ இருக்கிறது. சுழலாவிட்டாலும், விரலால் தள்ளிவிட்ட பிறகே சுழன்றாலும், மோட்டாரின் கார்பன் தேய்ந்துவிட்டது என்று பொருள். தள்ளிப் பார்ப்பது இணைப்பைக் கழற்றிய நிலையில் மட்டும்தான். வண்டியோடு இணைந்திருக்கும்போது விரலை அருகில் கொண்டு போகாதீர்கள், அது எந்த நொடியிலும் சுழலத் தொடங்கும்.

அடுத்தது தண்ணீர். சமையல் கான்ட்ராக்ட் வண்டி என்றால் போர்த் தண்ணீரைத்தான் ஊற்றியிருப்பார்கள். மதுரைப் போர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிந்திருக்கும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே இருக்கும் திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் வண்டி கொதிக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் கூலன்ட் அளவு குறைந்துகொண்டே வந்து, கசிவு எங்கும் தென்படாமல், ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் குழம்பு படிந்திருந்தால், அது ஹெட் கேஸ்கெட் பழுது, அதாவது இன்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு போய்விட்டது. சிறுமலையில் சிவப்பைத் தொட்ட பிறகும் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனவே ஆயில் மூடியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கேஸ்கெட் போயிருந்தால் இந்தப் பயணத்துக்கு இந்த வண்டி வேண்டாம்.

மலையைப் பற்றிய பயம் எனக்கு அவ்வளவாக இல்லை. புளியரையிலிருந்து கோட்டைவாசல்வரை உள்ள ஏற்றம் சிறுமலையோடு ஒப்பிட்டால் குறுகியது. ஆரியங்காவைத் தாண்டித் தென்மலை, புனலூர் வரை பெரும்பாலும் இறக்கம்தான். அந்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல் இரண்டாம், மூன்றாம் கியரில் இன்ஜினைக் கொண்டு வண்டியைப் பிடியுங்கள்.

பதில்: தென்காசி சாலை

பட்டறை அண்ணன் ஏற்றத்தைப் பற்றிக் கூறியது சரியே. ஆனால் அந்தச் சாலையில் டிசம்பரில் உங்கள் வேனைச் சோதிக்கப் போவது ஏற்றம் அல்ல, முன்னால் நிற்கும் வண்டிகள். கார்த்திகை முதல் நாளிலிருந்து ஜனவரி நடுவில் மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் ஏராளமாக இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகப் போகும். தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் டாரஸ் லாரிகளும் அதே சாலையில்தான். புளியரை எஸ் வளைவில் லாரி ஒன்று பழுதாகி நின்றால், பின்னால் வருபவர்கள் அனைவரும் நகர வழியின்றி இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உங்கள் வண்டிக்கு ஆகாத நிலைமை துல்லியமாக அது.

நாகர்கோவில் வழி தப்பிக்கும் வழி என்றும் எண்ணிவிட வேண்டாம். செங்கோட்டை வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர் என்றால், நாகர்கோவில், திருவனந்தபுரம் வழியாகச் சுமார் 350 ஆகும். நாகர்கோவில்வரை நான்குவழிச் சாலையில் வண்டி சுகமாகப் போகும். அதற்குப் பிறகு மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று வரிசையாக வரும் ஊர்களில் மாட்டுத்தாவணியை மறுபடியும் பார்ப்பீர்கள். ஆகவே ஃபேனைச் சரிசெய்யாமல் எந்த வழியில் போனாலும் பயனில்லை; சரிசெய்துவிட்டால் செங்கோட்டை வழியில் போகலாம், ஆனால் விடியற்காலைக்கு முன்பே புளியரையைத் தாண்டும்படி மதுரையிலிருந்து நள்ளிரவில் கிளம்புங்கள்.

சுமையைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. சென்னை எழும்பூர் – கொல்லம் விரைவு ரயில் மதுரை வழியாக, அதே செங்கோட்டைப் பாதையில்தான் செல்கிறது. இருவர் பைகளோடு அதில் கொல்லம் வந்துவிட்டால் வேனில் மூவர்தான். மீட்டர் கேஜ் அகலப் பாதையாகி 2018இல் முழுமையாகத் திறந்த வழி அது. கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலத்தைப் பார்ப்பவர்கள் ரயிலில் வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். வேனில் வருபவர்கள் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எல்லையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டிக்கு மாநில பெர்மிட் தேவையில்லை. ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று ஆகியவை நடப்பில் இருக்க வேண்டும்; டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். சித்தப்பாவுக்கு வாடகை கொடுத்து எடுத்துப் போவதாக மட்டும் இருக்கக்கூடாது, ஏனென்றால் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் அதைக் காரணம் காட்டிக் கை விரிக்க இடமுண்டு.

பதில்: அலைவாய்க்கரை

நான் கடலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இரவல் பலகைகளை எடுத்துச் செல்லாதீர்கள். வர்க்கலைப் பகுதியில் அலைச்சறுக்குப் பள்ளிகள் வாடகைக்குப் பலகை தருகின்றன. உங்கள் நிலைக்கு ஏற்ற மென்பரப்புப் பலகைகள் அங்கேயே கிடைக்கும். கூரை மேல் மூன்று எட்டடிப் பலகைகள் என்பது காற்றை எதிர்த்து இழுக்க வேண்டிய சுமை. ஏற்கெனவே சூடேறும் வண்டிக்கு அது தேவையா? வழியில் வண்டி நின்று, வெயிலில் மணிக்கணக்காகப் பலகை காய்ந்தால் மேலுறை நுரையை விட்டுப் பிரிந்து உப்பிவிடும். இரவல் வாங்கிய பொருளுக்கு அந்த நிலை வந்தால் நட்பும் கூடவே உப்பிவிடும்.

நீங்கள் தேர்ந்தெடுத்த பருவம் சரியானது. ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழையில் கேரளக் கடல் கொந்தளிப்பாக இருக்கும், கற்பவர்களுக்கு உகந்ததல்ல. டிசம்பரில் அலைகள் சிறியவை. காலையில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையின் முகம் கலையாமல் வழவழப்பாக நிமிர்ந்து வரும். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பியதும் அது கலைந்துவிடும். ஆகவே ஹாஸ்டலில் இரவு கச்சேரி முடிந்து படுத்துப் பத்து மணிக்கு எழுபவர்களுக்கு அலை கிடைக்காது. பொது அறை எடுக்கும்போது அமைதியான இடமா என்று விமர்சனங்களைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். சில இடங்களில் கொண்டாட்டம்தான் பிரதானம். பூட்டு ஒன்றும் அசல் ஆதாரும் அனைவரிடமும் இருக்கட்டும்.

இன்னொன்று. நம் ஊரில் கிணற்றிலும் கண்மாயிலும் நீந்தப் பழகியவர்களுக்குக் கடல் நீச்சல் வரும் என்பதில்லை. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி நேராக எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதை விட்டு விலகிய பிறகே திரும்ப வேண்டும். காலில் கட்டும் கயிற்றை எதற்காகவும் கழற்றாதீர்கள். மிதக்கும் பலகைதான் உங்கள் உயிர்.

கள்ளக்கடல் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயல் எழுப்பும் நீண்ட அலைகள், இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே முன்னறிவிப்பில்லாததுபோல வந்து கரையேறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது அத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான். ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் மையம் அந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. காலையில் கடலுக்குக் கிளம்பும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

பதில்: குலசைப் பக்கம்

ஐந்து பேரும் எதற்குக் கேரளத்துக்குப் போகிறீர்கள்? மணப்பாடு மதுரையிலிருந்து 200 கிலோமீட்டர் அளவுதான். தூத்துக்குடிவரை நான்குவழிச் சாலை, வழியில் மலையே கிடையாது. 1581இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம் நிற்கும் மணல் குன்றை ஒட்டியே அலை உடைகிறது. கூட்டம் இல்லை, சத்தம் இல்லை. ஹாஸ்டல் கலாசாரம் இல்லை என்பது உண்மைதான். திருச்செந்தூரில் விடுதி எடுத்துக்கொண்டு தினமும் வந்து போகலாம். அங்கும் விடுமுறையில் கோவில் கூட்டம் இருக்கும் என்பதால் முன்பதிவு அவசியம்.

திருநகர்வாசி

அனைவருக்கும் நன்றி. பட்டறை அண்ணன் கூறியதுபோல் சோதித்ததில் ஃபேன் விரலால் தள்ளிய பிறகே சுழன்றது, மோட்டாரை மாற்றிவிட்டோம். ரேடியேட்டரைக் கழற்றியபோது குழாய்களில் பாதி உப்பால் அடைத்திருந்தது. ஆயில் மூடி சுத்தமாகத்தான் இருக்கிறது. புது தெர்மோஸ்டாட், புது மூடி, கூலன்ட் எல்லாம் போட்டு, நேற்று ஐந்து பேரோடு மீண்டும் சிறுமலை ஏறினோம். முள் பாதியில் நின்றுவிட்டது.

மணப்பாடு யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் பக்கத்தில் பயிற்சியாளர் ஒருவர் இருப்பது எங்களுக்கு இன்னும் தேவைப்படுகிறது. ஆகவே முதலில் வர்க்கலை. பலகைகளை எடுத்துச் செல்லவில்லை. இருவர் ரயிலில் வருகிறார்கள். குன்றின் உச்சியில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஹாஸ்டலை எடுக்கலாமா, வேனை எங்கே நிறுத்துவது என்பது மட்டும்தான் பாக்கி.

பதில்: அலைவாய்க்கரை

குன்றின் விளிம்பில் உள்ள பாதை நடப்பவர்களுக்கு மட்டுமே. வாகனங்களை வடக்குக் குன்றின் ஹெலிபேட் பக்கம் நிறுத்திவிட்டுப் பைகளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். அலைச்சறுக்குப் பள்ளிகள் பல அதற்கு வடக்கே எடவா பக்கம் இருப்பதால், அங்கேயே வேன் உள்ளே வரும் வசதியுள்ள இடமாகப் பார்த்துப் படுக்கை எடுங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் வாடகை கூடிவிடும். முன்பதிவை இந்த வாரமே செய்துவிடுங்கள்.