ஊதா மேப்பிள்: ஒரு பக்கம் பச்சையாகிறது, இலை ஓரம் கருகுகிறது. என்ன செய்யலாம்?

கன்றுக்காரன்:
வணக்கம். ஜப்பானிய மேப்பிள், ‘பிளட்குட்’ ரகம், தரையில் வைத்து மூன்றாவது வருடம். வசந்தத்தில் துளிர்க்கும்போது கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து அப்படி ஒரு நிறம். கோடை நடுவில்தான் வம்பு. இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிச் சுருண்டு காய்கின்றன. அது போக, ஒரு பக்கம் முழுக்கப் பச்சை இலை, வளர்ச்சியும் அங்கேதான் அதிகம். தண்ணீர் போதவில்லையோ என்று தினமும் ஊற்றினேன். அப்புறம் சத்துக் குறைவோ என்று யூரியாவும் போட்டேன். இன்னும் மோசமாகிவிட்டது. இது நோயா?

வேர்ப்பிடி:
முதலில் யூரியாவை நிறுத்துங்கள். வேருக்கருகே உப்பு சேர்ந்தால் அதுவே இலை ஓரத்தைக் கருக்கும். இந்த மரத்துக்கு உரப்பசி குறைவு. மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பச்சைக் கிளை சரியாக எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது? மதியத்துக்கு மேல் வெயில் நேராக அடிக்கிறதா? அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் அகலமாக விரிகிறதா, கம்பம் நட்ட மாதிரி நேராக நிற்கிறதா?

கன்றுக்காரன்:
பச்சைக் கிளை மண்ணை ஒட்டியே வருகிறது. இலை வடிவம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் சந்தேகம் வரவில்லை. மேற்கு வெயில் நன்றாகவே அடிக்கும், பின்னால் சுவர் வேறு. அடிமரம் கம்பம் மாதிரிதான் நிற்கிறது.

வேர்ப்பிடி:
அப்படியானால் உங்களிடம் இரண்டு மரம் இருக்கிறது. பிளட்குட் பெரும்பாலும் ஒட்டுச்செடியாகத்தான் வரும். விதையில் முளைத்த சாதாரணப் பச்சை மேப்பிளின் வேரில், ஊதா ரகத்தின் குச்சியை ஒட்டியிருப்பார்கள். இரண்டும் ஒரே இனம் என்பதால் இலை ஒன்று போலவே இருக்கும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது வேர்ச்செடியின் கிளை. விட்டால் அதுவே ஊதாவை அமுக்கிவிடும். மண்ணைக் கொஞ்சம் விலக்கி, கிளை கிளம்பும் இடத்திலேயே எடுங்கள். தரைமட்டத்தில் வெட்டினால் நாலாகத் துளிர்க்கும்.

ஒட்டுக்கு மேலே இருக்கும் இலை கோடை முடிவில் மங்கிப் பச்சை கலந்தால் அது வேறு கதை, பயப்பட வேண்டாம். ஊதா நிறம் தருவது ஆந்தோசயனின், அதன் அடியில் பச்சையம் எப்போதும் உண்டு. வெயில் குறைந்தாலும், வெப்பம் ஏறினாலும் ஊதா வெளிறும். அதற்காக நாள் முழுக்க வெயிலில் வைத்தால் இலை கருகும். காலை வெயில், மதியத்துக்கு மேல் நிழல் என்பதுதான் இதற்குச் சுகம்.

நிழல்தேடி:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஓரம் மட்டும் கருகாமல், ஒரு கிளை அப்படியே திடீரென்று வாடினால் அதைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ கோடு தெரிந்தால் வெர்ட்டிசிலியம் வாடல்நோயாக இருக்கலாம். மண்ணில் வாழும் பூஞ்சை, மருந்தடித்துக் குணமாகாது. கத்தரியை ஆல்கஹாலில் துடைக்காமல் அடுத்த கிளையைத் தொடாதீர்கள்.

கன்றுக்காரன்:
வாடல் இல்லை. கிளையை வெட்டினேன், உள்ளே சுத்தம். ஆனால் அடியில் தோண்டியதும் திக்கென்றது. 8 செ.மீ. மண்ணுக்குக் கீழேதான் மரம் விரிகிறது! பென்சில் கனத்தில் ஒரு வேர் அடிமரத்தைச் சுற்றி இறுக்கியிருக்கிறது. வெட்டலாமா?

வேர்ப்பிடி:
கம்பம் மாதிரி என்றதுமே நினைத்தேன். அந்தக் கனம் என்றால் இப்போதே வெட்டலாம். விரல் பருமனைத் தாண்டியிருந்தால் இலை உதிரும் வரை பொறுத்திருக்கச் சொல்லியிருப்பேன். விரியும் இடம் வெளியே தெரியும்படி மண்ணை நிரந்தரமாக விலக்கிவிடுங்கள். ஆழத்தில் புதைந்த மரத்துக்குத் தினமும் தண்ணீர் விட்டால் வேருக்குக் காற்றே கிடைக்காது. வேர் மூச்சு முட்டினாலும் இலை காய்ந்ததாகவே தெரியும், நாமும் இன்னும் ஊற்றுவோம்.

இனி விரலை 5 செ.மீ. உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சும்மா இருங்கள், இல்லையென்றால் நிதானமாக ஆழ ஊறும்படி விடுங்கள். மரப்பட்டைத் தூளோ சருகோ 5 முதல் 8 செ.மீ. மூடாக்கு போடுங்கள், அடிமரத்தில் படாமல் ஒரு கையகலம் தள்ளி. கருகிய இலை திரும்பப் பச்சை பிடிக்காது, ஆனாலும் பறிக்காதீர்கள், மிச்சப் பகுதி வேலை செய்கிறது. பெரிய கவாத்தைக் குளிர்கால முடிவில் வைத்துக்கொள்ள வேண்டாம், சாறு ஏறும் நேரம், வெட்டின இடம் சொட்டிக்கொண்டே இருக்கும்.

புதுத்தளிர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குளிரே இல்லாத ஊரில் இதைத் தொட்டியில் வளர்க்கலாமா?

நிழல்தேடி:
வேண்டாம். இலையுதிர்ந்து சில வாரமாவது குளிரில் உறங்கினால்தான் அடுத்த துளிர் ஒழுங்காக வரும். உறக்கம் இல்லாத செடி ஓரிரு வருடம் இழுத்துக்கொண்டு கிடந்து போய்விடும்.

கன்றுக்காரன்:
வேர்ச்செடியின் கிளையை எடுத்தாயிற்று, சுற்றிய வேரையும் வெட்டியாயிற்று. மரம் பாதியாகிவிட்டது, பார்க்கப் பாவமாக இருக்கிறது. அடியில் மறுபடியும் ஒரு பச்சை மொட்டு தெரிகிறதே?

வேர்ப்பிடி:
வரத்தான் செய்யும். பிஞ்சாக இருக்கும்போதே கட்டைவிரலால் தள்ளிவிடுங்கள், கத்தரி வேண்டாம். வாரம் ஒரு தடவை குனிந்து பார்த்தால் போதும்.