எடின்பரோ பக்கம் இருப்பவர்கள் உதவ முடியுமா?

நண்பர்களுக்கு வணக்கம். மே மாதம் அப்பாவுடன் எடின்பரோ வருகிறேன். அவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். ஸ்காட்லாந்தின் உடன்படிக்கையாளர்கள் (Covenanters: சபை விஷயத்தில் அரசர் தலையிடக் கூடாது என்று 17-ஆம் நூற்றாண்டில் எதிர்த்து நின்ற கிறிஸ்தவர்கள்) என்றால் அவருக்கு உயிர். 1638-இல் அவர்கள் தேசிய உடன்படிக்கை என்ற எதிர்ப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்ட கிரேஃபிரையர்ஸ் தேவாலய வளாகத்தை எப்படியும் பார்த்துவிடுவோம். என் கவலை மற்ற இரண்டைப் பற்றியது.

அந்த உடன்படிக்கையாளர்களில் ஒருவரான அலெக்சாண்டர் பீடன் என்ற போதகர் 1662-க்குப் பின் சபையிலிருந்து விரட்டப்பட்டு, வெட்டவெளியில் பிரசங்கம் செய்தபடி தலைமறைவாகத் திரிந்தவர். 1670-இல் அப்படிப் பிரசங்கிப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமானது. அடையாளம் தெரியாமலிருக்க அவர் அணிந்ததாகச் சொல்லப்படும் முகமூடி, முடியும் பற்களும் ஒட்டிய விகாரமான முகம், ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. (அதைப் போட்டுக்கொண்டால் இன்னும் சீக்கிரம் மாட்டிக்கொள்வாரே என்பது என் சந்தேகம், அப்பாவிடம் சொல்லவில்லை.) இப்போது காட்சியில் வைத்திருக்கிறார்களா? அண்மையில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அடுத்து, பீடனைச் சிறைவைத்த பாஸ் பாறைத் தீவு. நார்த் பெரிக் என்ற கடற்கரை ஊரிலிருந்து படகில் போகலாமாம். மூட்டுவலி உள்ள எழுபத்தைந்து வயதுக்காரர் அங்கே இறங்கி ஏற முடியுமா, படகிலேயே சுற்றிப் பார்ப்பது நல்லதா? போய் வந்தவர்கள் ஒரு வரி எழுதினாலும் போதும்.