தீயணைப்புத் துறையில் சேர டிப்ளமோ அவசியமா?

கோத்தகிரி_இளைஞன்:
அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். அறிவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபடும்போதெல்லாம் முதலில் வந்து நிற்பவர்கள் தீயணைப்பு வீரர்களும் 108 ஊழியர்களும்தான் என்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வருவதால், அவ்விரண்டில் ஒன்றில்தான் பணியாற்ற வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். சமவெளியிலுள்ள ஒரு தனியார் நிறுவனம், 'ஃபயர் அண்ட் சேஃப்டி' டிப்ளமோ படித்தால் தீயணைப்புத் துறையில் உறுதியாக வேலை கிடைக்கும் என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கிறது. கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்கிறார் அப்பா. கட்டலாமா?

ஓய்வுபெற்ற_நிலைய_அலுவலர், குன்னூர்:
தம்பி, தயவுசெய்து கட்ட வேண்டாம். தீயணைப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர் பணியிடங்களோடு சேர்த்து ஒரே பொதுத் தேர்வாக நடத்துகிறது. அதற்குக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி மட்டுமே. நீங்கள் சொல்லும் டிப்ளமோ தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பணிக்குப் போகிறவர்களுக்குப் பயன்படலாம். இந்தத் தேர்வுக்கு அது தேவையே இல்லை. வேலை உறுதி என்று வாக்குக் கொடுத்துப் பணம் கேட்பவர்களிடமிருந்து விலகியே இருங்கள்.

முதலில் உங்கள் உயரத்தைச் சரியாக அளந்து பாருங்கள். ஆண்களுக்குக் குறைந்தது 170 செ.மீ. வேண்டும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 167 செ.மீ. அடுத்தது தமிழ்த் தகுதித் தேர்வு. அதில் 40 விழுக்காடு பெறாவிட்டால் முதன்மைத் தேர்வு விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். நம் மலையில் ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் பலர் இதைச் சாதாரணமாக நினைத்துக் கோட்டை விடுகிறார்கள் என்பது என் மனத்தை உறுத்தும் விஷயம்.

உடல்திறனில் 1,500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும். மேடும் பள்ளமும் ஏறி இறங்கி வளர்ந்தவர்களுக்கு மூச்சு தாங்கும். சமவெளி வெயிலில் ஓடுவதுதான் பழக வேண்டியது. அதைவிடக் கயிறு ஏறுதலில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். கால் வலுவை மட்டும் நம்பாமல், கைப்பிடிக்கும் தோளுக்கும் இன்றிலிருந்தே பயிற்சி கொடுங்கள்.

தேர்வான பிறகு பயிற்சியைத் துறையே தரும். ஏணி, பம்பு, மூச்சுக் கருவி, முடிச்சு என எல்லாம் அங்கே கற்பிக்கப்படும். ஆனாலும் மலைப்பணி தனிரகம். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தபோது, தீயணைப்பு வண்டி அந்த இடம்வரை செல்லப் பாதை இல்லாததால் குடங்களில் தண்ணீர் சுமந்து ஊற்ற வேண்டியிருந்தது. போர்வை கொடுத்துக் காயம்பட்டவர்களைத் தூக்க உதவியவர்கள் அந்த ஊர் மக்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து நடந்துபோய் வேலை செய்யத் தெரிந்தவர்தான் இங்கே தேவை.

இரவுப்பணி_அக்கா:
நான் 108இல் அவசர மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். தமிழ்நாட்டில் இச்சேவை 2008இல் தொடங்கியது. நர்சிங் படித்து இப்பணிக்கு வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. பிளஸ் டூவில் அறிவியல் படித்த உங்களுக்கு 'விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம்' என்ற பி.எஸ்சி. பட்டப்படிப்பும் பொருந்தும்.

ஐயா சொன்னதை என் பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்துக்குள் விழுந்து முதுகில் அடிபட்டவரைப் புரட்டித் தூக்கக் கூடாது. ஸ்கூப் ஸ்ட்ரெச்சரை இரண்டாகப் பிரித்து, இரு பக்கமிருந்தும் அவருக்கு அடியில் மெதுவாகச் செலுத்தி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பூட்டுகளை இணைப்போம். அதுவரை ஒருவர் அவருடைய தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அவர் வேறு எந்த வேலைக்கும் கையை எடுக்கக் கூடாது. ஈர மண் உடம்பின் சூட்டை இழுத்துவிடும் என்பதால் போர்வையை மேலே போர்த்துவதோடு அடியிலும் விரிக்க வேண்டும். செடிகளுக்கிடையே ஒற்றையடிப் பாதையில் சுமந்து வரும்போது தோட்டத் தொழிலாளர்களின் தோள்தான் எங்களுக்குத் துணை. அவர்களிடம் பதற்றமில்லாமல், யார் எங்கே பிடிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லத் தெரிவதும் இந்தப் பணியில் பாதி.

கோத்தகிரி_இளைஞன்:
ஐயா, அக்கா, மிக்க நன்றி. என் உயரம் 172 செ.மீ. இருக்கிறது. அறிவிப்பு வரும்வரை சும்மா இருக்க மனமில்லை. அதுவரை என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற_நிலைய_அலுவலர், குன்னூர்:
மகிழ்ச்சி. மாவட்ட நிர்வாகம் பேரிடர்க் காலத்துக்கென ஊர்தோறும் முதல்நிலை மீட்பாளர்களைப் பதிவு செய்கிறது. உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முறையை நிமிடத்திற்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகத்தில் பொம்மையின்மேல் செய்து பழகுங்கள். படித்து மட்டும் அது கைவராது. ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். அப்போது அருகிலுள்ள நிலையத்துக்குப் போய்ச் செயல்விளக்கத்தைப் பார்த்து, பணியில் இருப்பவர்களிடம் தயங்காமல் கேள்வி கேளுங்கள். அப்பாவிடமும் பேசுங்கள். கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை என்பதை அவர் இன்றே தெரிந்துகொள்ள வேண்டும்.