யூவன் யூக்ளோ படங்களில் ஏன் இத்தனை கூட்டல் குறிகள்?

தூரிகைக்காரி:
வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் மனித உருவம் வரையப் பழகுகிறேன். போன கிழமை எங்களுக்குப் படிப்பிக்கிற சேர், யூவன் யூக்ளோ என்ற பிரிட்டிஷ் ஓவியரின் படங்களைக் காட்டினார். உடம்பின் மேல், சுவரின் மேல், எங்கே பார்த்தாலும் குட்டிக் கோடுகள், கூட்டல் குறிகள். எனக்கு நாலு நாளாக அதே நினைப்பு. கூடப் படிக்கிற அக்காவோ 'இது ஓவியமா, காணி அளக்கிற வேலையா?' என்று கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிக்கட்டி:
அதெல்லாம் அழிக்க மறந்த குறிகள் இல்லை தங்கச்சி. கையை மடக்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, தூரிகைக் காம்பில் பெருவிரலை நகர்த்தி அளந்து, தோள் இங்கே, இடுப்பு இங்கே என்று உறுதியான இடத்தில் வைத்தவை. மாடல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் எல்லாம் மாறிவிடும், அதனால் யூக்ளோ தரையிலும் குறி போட்டு வைப்பார். ஒரு படம் வருஷக்கணக்கில் இழுக்கும். பழம் வரைந்தால் வரைந்து முடிப்பதற்குள் பழம் சுருங்கி அழுகிவிடும். 1967இல் ஒரு பெண்ணை 12 உயரங்களில் கண்ணை வைத்துப் பார்த்து வரைந்தார், தலையை அண்ணாந்தோ காலைக் குனிந்தோ பார்க்காமல் ஒவ்வொரு பகுதியையும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்பதற்காக. இவ்வளவு பொறுமையாக இன்னொரு மனிதரைப் பார்ப்பதை நான் அன்பு என்றுதான் சொல்வேன். உங்கள் அக்காவிடம் அதைச் சொல்லுங்கள்.

பழைய மாணவன்:
அவருடைய ஆசிரியரையும் சொல்ல வேண்டும். யூக்ளோ 1932இல் லண்டனில் பிறந்தவர், அங்கே கேம்பர்வெல் கலைப்பள்ளியில் வில்லியம் கோல்ட்ஸ்ட்ரீம் என்ற ஓவியரிடம் படித்தார். அளந்து வரைகிற இந்தப் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான். கோல்ட்ஸ்ட்ரீம் 1937இல் நண்பர்களோடு யூஸ்டன் ரோட் பள்ளி என்ற ஓவியப் பள்ளியைத் தொடங்கியவர், 1949 முதல் 1975 வரை லண்டனின் ஸ்லேட் கலைப்பள்ளியின் பேராசிரியர். அவர் காலத்தில் அங்கே படித்த போலா ரேகோ என்ற ஓவியர் அளவுகோல் பக்கமே போகாமல் கதைகளை வரைந்தார், அதற்கும் அங்கே இடம் இருந்தது. யூக்ளோவும் 1961இல் ஸ்லேடில் கற்பிக்கத் தொடங்கினார், 2000இல் இறந்தார். யூக்ளோவின் மாணவர்கள் அந்தக் குறிகளை மட்டும் எடுத்து அலங்காரமாகப் போட்டால் அது வேறு விஷயம், நான் அப்படிப் பல படங்கள் பார்த்திருக்கிறேன், பார்வை இல்லாமல் குறி மட்டும் இருக்கும்.

மாமரத்தடி:
நான் ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை ஜன்னலோரம் வைத்து மூன்று நாள் அளந்து பார்த்தேன். வட்டம் என்று நினைத்த பக்கம் வட்டமே இல்லை, காம்புக்குக் கீழே ஒரு சின்னச் சரிவு, அப்புறம் மூக்குப் பக்கம் சட்டென்று வளைகிறது. மூன்றாம் நாள் அந்தச் சரிவிலேயே கறுப்புப் புள்ளி வந்துவிட்டது, குறிகளை எல்லாம் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. மேசன்மார் வைத்திருக்கிற தூக்குக்குண்டு மாதிரி ஒன்று மட்டும் முன்னால் தொங்கவிடுங்கள், செங்குத்துக் கோடு எது என்று கண் ஏமாறாது.

தூரிகைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. நாளைக்கு மாம்பழம் வாங்குகிறேன். தூக்குக்குண்டுக்கு நூலில் எதைக் கட்டினீர்கள்?

மாமரத்தடி:
பழைய இரும்பு நட் ஒன்று. மின்விசிறியை நிறுத்திவிட்டு அளவுங்கள், இல்லாவிட்டால் நூல் ஆடும்.