‘ஜோஜி’ மலையாளப் படம்: உங்களை விடாமல் துரத்துகிற காட்சி எது?

மலைச்சாரல்:
ஜோஜியின் அப்பா குட்டப்பன் குளத்தில் இறங்குவாரே, அந்த இடம். மற்றவர்களால் அசைக்க முடியாத பம்பு வால்வைக் கிழவர் தனியாகப் பிடுங்கப் போய் ஸ்ட்ரோக்கில் விழுவார். 2021 ஏப்ரல், அமேசான் பிரைமில் வந்த வாரமே போனில் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் அப்பா, அதே ஸ்ட்ரோக். திரும்பினால் அவரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்பனைக் கொல்ல ஜோஜி மாத்திரையை மாற்றி வைக்கிற விஷயம் வருவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று அணைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

அடுப்படி:
எனக்கு ஜோஜியின் அண்ணி பின்சி. மாமனார் செத்துக்கிடக்கிறார், ஜோஜி அறையிலேயே இருக்கிறான். மாஸ்க் போட்டுக்கொண்டு வா என்கிறாள், அவ்வளவுதான். கூட உட்கார்ந்து பார்த்த என் மாமியார், "நல்ல பொண்ணு, ஞாபகமா சொல்றா பாரு" என்றார். கொரோனாவை நினைத்துச் சொன்னாரா, எல்லாம் புரிந்துதான் சொன்னாரா? கேட்க இன்னும் தைரியம் வரவில்லை. மேக்பெத்தைத் தழுவிய படம் என்கிறார்கள், ஷேக்ஸ்பியர் நாவல் எதுவும் நான் படித்ததில்லை, அதனால் ஒப்பிடத் தெரியாது.

பின்வரிசை:
அடுப்படி, மேக்பெத் நாவல் இல்லைங்க, நாடகம். அதுவும் இங்கே வெறும் தூண்டுதல்தான். சூனியக்காரிகள் எங்கே? நாடகத்தில் கொலைக்குத் தூண்டிய மேக்பெத்தின் மனைவி தூக்கத்தில் நடந்து இல்லாத ரத்தத்தைக் கழுவுவாள். பின்சிக்கு அப்படி எதுவும் ஆகவில்லையே. ஷேக்ஸ்பியரைக் கேரள மண்ணில் இறக்கியது என்றால் ஜெயராஜின் களியாட்டம் (1997). ஒதெல்லோ நாடகத்தின் நாயகன் அங்கே தெய்யம் (வடகேரளச் சாமியாட்டம்) கட்டுகிற பெருமலையன், மனைவிமேல் சந்தேகம் வரவைக்கும் கைக்குட்டைக்குப் பதில் பட்டு. சுரேஷ் கோபிக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். அப்புறம், ஜோஜிக்கு முன்னால் கே.ஜி. ஜார்ஜின் இரகள் (1985) பார்த்துவிடுங்கள், அதே ரப்பர் பணம், அதே மாதிரி அப்பன். ஜோஜிக்கு டப்பிங் வேண்டாம், சப்டைட்டில் போதும். ஹெட்ஃபோன் கட்டாயம். மலைச்சாரல், போனில் பார்க்காதீர்கள், பார்த்தாலும் சார்ஜ் போட்டுவிட்டு உட்காருங்கள். என் அனுபவமா? நடுவில் தூங்கிவிட்டேன். கடைசியில் அசைய முடியாமல் கிடக்கிற ஜோஜியைக் கண் சிமிட்டச் சொல்லி போலீஸ்காரர் கேட்கும்போதுதான் முழிப்பு வந்தது.

கூரியர்பை:
பாதிப் படம் தூங்கியவர் சூனியக்காரியைத் தேடுகிறார், சரி. மலைச்சாரல் சார்ஜ் தீர்ந்ததாகச் சொன்னது எதற்கு என்றுகூட உங்களுக்குப் புரியவில்லையா?

எனக்கு முதல் காட்சி. குட்டப்பனின் பேரன் பாப்பிக்கு ஏர்கன் (காற்றுத் துப்பாக்கி) பார்சல் வரும். ஊரடங்கில் நான் டெலிவரிதான் பார்த்தேன். ஒரு நாள் நீளமான பெட்டி, வாங்க வந்தவன் பள்ளிக்கூடப் பையன். தாத்தா பெயரில் ஆர்டர். ஓடிபி சரியாகச் சொன்னான், கொடுத்துவிட்டேன். உள்ளே என்ன என்று கேட்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.