காட்டு ஓடைக்கு எத்தனை பேரை விடலாம்? களத்தில் இருப்பவங்க பதிவிடுங்க

சாரல்:
நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக் காளிகேசம், உலக்கை அருவி மாதிரி இடங்களுக்கு ‘ஒரு நாளைக்கு 500 பேர்’ என்று குத்துமதிப்பா எழுதாதீங்க மக்களே. பாதையை அளந்து கணக்குப் போடுங்க. உதாரணத்துக்கு 1200 மீட்டர் பாதை. பத்துப் பேர் குழு நீளவாக்கில் 10 மீட்டர் பிடிக்கும். அடுத்த குழுவுக்கு முன்னால் 100 மீட்டர் சும்மா கிடக்கணும். ஆக ஒரே நேரத்தில் 10 குழு, 100 பேர். போய்வர 2 மணி நேரம், திறப்பு 8 மணி நேரம் என்றால் நாலு சுற்று, 400 பேர். இது காகிதக் கணக்கு. 1200ல் மண் அரியும் செங்குத்து 300 மீட்டர் இருந்தால், மிச்சம் முக்கால் பங்கு, 0.75ஆல் பெருக்கணும். மழைக்கு வருஷத்தில் 60 நாள் மூடினால், திறந்திருக்கும் 305 நாளுக்கு 0.84. மிச்சம் 252. பத்துக் குழுவுக்குப் பத்து வழிகாட்டி வேணும்; ஆறு பேர்தான் இருக்காங்க என்றால் 151. சீட்டு அவ்வளவுதான்.

கொக்கு:
கணக்கு சரி அண்ணே. ஆனா ஞாயித்துக்கிழமை 151ல் 120 பேர் பதினோரு மணிக்கு மொத்தமா வந்து நிப்பாங்களே? சீட்டில் உள்ளே போகும் நேரத்தையும் அச்சடிக்கணும். இன்னொன்று, வண்டி நிறுத்துமிடத்தைப் பெருசாக்கக் கூடாது. அதுதான் உண்மையான மடை. அதைத் திறந்துவிட்டால் வாசலில் நிற்கும் காவலர் என்ன செய்ய முடியும்?

பழையாறு:
ஆளை எண்ணுவதைவிடத் தண்ணியைப் பார்க்கணும். நம்ம மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இடையில் கோடை மழை வேற. அதனால ‘இந்த மாசம் மூடுவோம்’ என்ற நாள்காட்டி போதாது. கீழே வெயில் அடிக்கும், மலைமேல் கொட்டும். அடையாளம் மூணு: தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், ஓடைச் சத்தம் தடிக்கும். ஒண்ணு தெரிஞ்சாலும் உடனே கரையேத்தணும். பாறையில் பெயிண்டில் கோடு போட்டு, தண்ணி அதைத் தொட்டால் வாசலை மூடிடணும். பல இடத்தில் போன் சிக்னல் கிடைக்காது, விசில்தான் துணை. ஆட்களை வண்டி நிக்கும் கரையிலேயே குளிக்க விடுங்க. அக்கரைக்குப் போனவங்கதான் மாட்டிக்குவாங்க. பெருக்கு வடியும் வரை அங்கேயேதான் இருக்கணும், நீந்தித் திரும்பவே கூடாது.

சாரல்:
நல்லாச் சொன்னீங்க. பாதையைக் கெடுப்பதும் அதே தண்ணிதான். சரிவில் நேர்கீழே இறங்கும் பாதை ஒரே மழையில் ஓடையாயிரும். பாதையின் ஏற்றச் சதவீதம் மலைச்சரிவின் சதவீதத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, எப்படியும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பாதையின் வெளி ஓரம் லேசாத் தாழ்ந்திருக்கணும். குறுக்கே மரக்கட்டையோ கல்லோ சாய்வாப் பதிச்சு தண்ணியை வெளியே தள்ளணும். ஏற்றம் கூடக் கூட இந்தக் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி குறையணும். சேறு கண்ட ஆட்கள் ஓரமா ஒதுங்கி நடப்பாங்க, ஒரு முழப் பாதை ஒரு கெஜம் ஆகும். செடியெல்லாம் மிதிபட்டே போயிரும்.

கொக்கு:
குப்பைக்குத் திறந்த தொட்டி வைக்காதீங்க, நாட்டுக்குரங்குக்குச் சாப்பாட்டுத் தட்டு அது. உள்ளே தொட்டியே வேண்டாம். வாசலில் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி 10 ரூபாய் வாங்கி, திரும்பும்போது கொடுத்துடணும். நீலகிரியில் மதுபாட்டிலுக்கு 2022லிருந்து இதே முறை உண்டு. உடைஞ்ச கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கும் என்று அங்கே சொல்லித்தான் தொடங்கினாங்க.

தேரூர்க்காரி:
மலை மட்டும்தானா? சுசீந்திரம் - தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும் 2022லேயே ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தாச்சு. இங்கே பறவைகளுக்கு ஆள் கூட்டத்தைவிட, நாம கிட்ட நெருங்குவதுதான் தொந்தரவு. வாத்து மேய்வதை விட்டுத் தலை தூக்கினால் நீங்க ஏற்கெனவே பக்கத்தில் வந்துட்டீங்க. அங்கேயே நில்லுங்க, இல்லை பின்வாங்குங்க. பறவையை நோக்கி நேரே நடக்காம, சாய்வான கோட்டில் விலகி நடக்கணும். பல சமயம் காரை விட்டு இறங்காம இருந்தாலே பறவை பறக்காது. கதவைப் படார்னு சாத்தினால் போச்சு. வலசை வரும் கூட்டத்துக்கு அக்டோபரிலிருந்து மார்ச் வரை பாருங்க. ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

புதுசு:
அக்கா, சரணாலயத்துக்குள் போட்டோ எடுக்கவும் அனுமதி வேணுமா?

தேரூர்க்காரி:
வேணும். 1972 வனவுயிர்ச் சட்டம் 28ஆம் பிரிவில் படம் பிடிப்பு, ஆய்வு, சுற்றுலா எல்லாத்துக்கும் அனுமதி சொல்லியிருக்கு. நாகர்கோவில் மாவட்ட வன அலுவலகத்தில் முதலில் விசாரிங்க. ஆட்களின் எண்ணிக்கை, நாள், வண்டி எண் எழுதின மனுவைக் கையோட கொண்டு போங்க.