புதுப்பிப்பு: காரையில் எடுத்த மூன்று கற்கள்

போன மாதம் பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கம் செம்மண் ஓடைகளில் பொறுக்கிய மூன்று கற்களின் படம் போட்டு, ‘இது டைனோசர் பல்லா?’ என்று கேட்டிருந்தேன். பல் இல்லை. சிரித்தவர்கள் சிரித்தது சரிதான்.

விரல் நீளத்தில் துப்பாக்கித் தோட்டா மாதிரி இருந்தது பெலம்னைட் என்ற புதைபடிவம். கணவாய்க்கு உறவான ஓர் உயிரினத்தின் உடலுக்குள் இருந்த கெட்டியான பாகம் அது. ஒருவர் சொன்னபடி உடைந்த முனையை ஈரப்படுத்தி லென்ஸில் பார்த்தேன். நடுப்புள்ளியிலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பிகள்போல் கோடுகள் விரிகின்றன. அதைப் பார்த்த பிறகு சந்தேகமே வரவில்லை.

நான் ‘எலும்பு’ என்று அடித்துச் சொன்ன வெள்ளை நார்க்கல் வெறும் ஜிப்சம், மென்மையான ஒரு கனிமம்! நகத்தால் கீறினாலே கோடு விழுகிறது. பெலம்னைட்டில் விழாது, அது கால்சைட் என்ற இன்னும் கெட்டியான கனிமம். காரை மண்ணில் இந்த ஜிப்சம் பட்டை பட்டையாக ஓடுகிறது, ஏமாறாதீர்கள்.

மூன்றாவது, விளிம்பில் வரிவரியாக இருந்த துண்டு, அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுப் பழங்காலக் கடலுயிரியின் உடைசல். 2020இல் குன்னம் பக்கம் ‘டைனோசர் முட்டை’ என்று பரபரப்பானதே, அந்த உருண்டைகளும் முட்டை இல்லை என்றுதான் நிபுணர்கள் சொன்னார்கள். ஆக, ஏமாந்தது நான் மட்டுமில்லை.

அப்புறம், சாத்தனூரில் கல்லாகிப்போன பழங்கால மரத்தையும் (கல்மரம்) பார்த்துவிட்டேன். 18 மீட்டர் நீளம், படத்தில் அடங்கவில்லை.